சிவப்பு நண்டின் மூச்சுக் கணக்கு



தார்ச்சாலை முழுவதும் சிவப்பு நண்டுகள் ஊர்வலம் போகும் அந்த வீடியோவை நம் குழுவில் மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். "இது நிஜமா, கம்ப்யூட்டரில் செய்ததா?" என்று ஒருவர் கேட்டார். "நண்டுக்குச் செவுள்தானே டீச்சர்? காட்டுக்குள் எப்படி மூச்சு விடுகிறது?" என்று இன்னொருவர் கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சுலபம், நிஜம்தான். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பல நாட்டு ஆட்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கண்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். சற்று நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அதுதான் கிறிஸ்துமஸ் தீவு. பரப்பு 135 சதுர கிலோமீட்டர்தான். 1643 டிசம்பர் 25 அன்று வில்லியம் மைனர்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அந்த வழியாகப் போனார். அன்றைய பண்டிகையின் பெயரையே தீவுக்கு வைத்துவிட்டார். 1888இல் பிரிட்டன் அதைத் தன்னுடையது என்று அறிவித்தது. காரணம் பாஸ்பேட் தாது. 1958 முதல் தீவு ஆஸ்திரேலியாவின் கையில் இருக்கிறது. 1897இல் சார்லஸ் ஆண்ட்ரூஸ் என்ற அறிஞர் லண்டனிலிருந்து போய்ப் பத்து மாதம் அளவில் அங்கே தங்கி, கல், மரம், பறவை, பூச்சி எல்லாவற்றையும் பதிவு செய்தார். 1900இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சிவப்பு நண்டுகள் ஆண்டுக்கொரு முறை கடலுக்கு இறங்குவதும் இருக்கிறது.

நண்டு வாழ்வதோ காட்டில். ஈர மண்ணில் வளை தோண்டி, உதிர்ந்த இலைகளைத் தின்று வாழும். ஓட்டின் அகலம் பெரியவற்றில் 11 சென்டிமீட்டருக்கு மேல் போகும். வறண்ட மாதங்களில் வளைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அக்டோபர், நவம்பர் வாக்கில் முதல் மழை விழுந்ததும் கோடிக்கணக்கில் வெளியே வந்து கடலை நோக்கி நடக்கத் தொடங்கும். பல நாள் நடை அது. மாதக்கணக்கில் சும்மா இருந்த உடம்பு, திடீரென்று நாள்தோறும் மணிக்கணக்கில் நடக்கிறது. அதுவும் நீரில் வாழ்ந்த முன்னோரின் உடம்பை வைத்துக்கொண்டு, காற்றை இழுத்துக்கொண்டு நடக்கிறது. எப்படி முடிகிறது?

செவுள் எதற்காக இருக்கிறது என்று ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். அது மெல்லிய தகடுகளின் அடுக்கு. நீருக்குள் அந்தத் தகடுகள் விரிந்து மிதக்கும். நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றின் வழியே இரத்தத்துக்குப் போகும். வெளியே எடுத்தால் என்ன ஆகும்? ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பாருங்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் செவுளும் அப்படித்தான். இத்தனைக்கும் ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிலிட்டர்தான். கரைக்கு வந்த மீன், விருந்துக்கு நடுவில் பட்டினி கிடப்பது போலத்தான் சாகிறது.

1828இல் பிரான்சில் ஓடுவான், மில்ன்-எட்வர்ட்ஸ் என்ற இரு விலங்கியலாளர்கள் நில நண்டுகளின் செவுள் அறையைத் திறந்து பார்த்து எழுதினார்கள். செவுளை ஈரமாக வைத்துக்கொள்ளும் அமைப்புதான் நில நண்டின் ரகசியம் என்பது அவர்கள் கருத்து. 1836 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் கீலிங் தீவுகளுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் தீவுக்கு மேற்கே உள்ள பவளத் தீவுகள் அவை. அங்கே தேங்காயை உரித்துத் தின்னும் பெரிய தென்னை நண்டைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அது இரவில் கடலுக்குப் போய் வரும் என்று கேள்விப்பட்டார். செவுளை நனைத்துக்கொள்ளத்தான் போகிறது என்று அவரும் காரணம் சொன்னார். அன்றைய அறிவுக்கு அது சரியான ஊகம்தான்.

அடுத்து வருபவர் நம் தொழில்காரர். பிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர். 1852இல் குடும்பத்தோடு தெற்கு பிரேசிலுக்குக் குடியேறினார். முதலில் காட்டைத் திருத்தி விவசாயம் பார்த்தார். 1856 முதல் டெஸ்டெரோ என்ற கடற்கரை ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. கடற்கரையும் சதுப்புநிலக் காடும்தான் ஆய்வுக்கூடம். டார்வினின் நூலைப் படித்தவர், 'அது உண்மையானால் நான் தினமும் பார்க்கும் நண்டுகளில் அதன் அடையாளம் தெரிய வேண்டுமே' என்று யோசித்தார். நில நண்டுகள் எல்லாம் ஒரே திட்டத்தில் படைக்கப்பட்டவை என்றால் காற்று உள்ளே போகும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும். வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாகக் கரையேறியிருந்தால் வழிகளும் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தார். சதுப்புநில மரங்களில் ஏறும் ஒரு நண்டு, ஓட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கடைசிக் கால்களுக்கு மேலே ஒரு பிளவைத் திறந்து காற்றை விடுகிறது. மணலில் வளை தோண்டி ஓடும் நண்டுக்கோ, கால்களுக்கு நடுவில் மயிர் சூழ்ந்த தனித் துவாரம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு! 1864இல் 'டார்வினுக்காக' என்ற சிறு நூலாக ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். டார்வின் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து 1869இல் வெளிவரச் செய்தார். தன் நூலின் பிந்தைய பதிப்புகளிலும் முல்லரின் நண்டுகளைச் சேர்த்துக்கொண்டார். கடலிலிருந்து கரைக்கு வந்தது ஒருமுறை நடந்த கதையல்ல, பலமுறை தனித்தனியே நடந்த கதை என்பது ஒரு பள்ளி ஆசிரியரின் மாலை நேர உழைப்பில் தெரிந்தது.

1878இல் கார்ல் செம்பர் என்பவர் தென்னை நண்டின் செவுள் அறையை நுணுகிப் பார்த்தார். அந்த அறையின் உட்சுவரில் கொத்துக் கொத்தான மடிப்புகள், அவை முழுக்க நுண்ணிய இரத்தக் குழாய்கள். செவுள் சிறுத்துப் போயிருக்கிறது. அறையே நுரையீரலாகிவிட்டது! வளர்ந்த தென்னை நண்டை நீரில் அமிழ்த்தி வைத்தால் மூழ்கி இறந்துவிடும். டார்வின் கேள்விப்பட்ட அந்த இரவுப் பயணத்தால் மட்டும் அது மூச்சு விடுவதில்லை என்பது இதோடு உறுதியாயிற்று.

நம் சிவப்பு நண்டும் இந்த ரகம்தான். செவுளும் உண்டு, அறைச் சுவரில் நுரையீரலும் உண்டு. வாயருகே துடுப்பு மாதிரி ஒரு சிறு தகடு ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். முன்னோருக்கு நீரைத் தள்ளிய அதே துடுப்பு, இதற்குக் காற்றைத் தள்ளுகிறது. செவுளுக்கு இன்னொரு வேலையும் வந்துவிட்டது. வெளியேறும் சிறுநீர் செவுள்மேல் வழிய, அதிலுள்ள உப்பை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. காட்டில் உப்பு எளிதில் கிடைக்காது அல்லவா? பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளும் நம் பாட்டிமார் வழக்கம் இயற்கைக்கும் உண்டு.

மூச்சு விடும் உறுப்பு தெரிந்துவிட்டது. அது நடைக்குப் போதுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் தேட இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

இங்கே ஒரு சின்னப் பாடம். தசை வேலை செய்ய இரண்டு வழி உண்டு. ஆக்சிஜன் வேண்டிய அளவு வந்தால் குளுக்கோசை முழுவதுமாக எரித்து நிறைய ஆற்றல் எடுக்கும். ஆக்சிஜன் போதாதபோது அரைகுறையாக உடைத்துக் கொஞ்சம் ஆற்றல் எடுக்கும், லாக்டிக் அமிலம் மிச்சமாகும். முதல் வழி மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது. இரண்டாவது கைமாற்று வாங்குவது. அவசரத்துக்குக் கைமாற்று உதவும். ஆனால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். நண்டு இந்தக் கடனை அடைக்க மணிக்கணக்கில் ஆகும். நில நண்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கரியமில வாயு நீரில் எளிதாகக் கரைந்து போய்விடும். காற்றில் அவ்வளவு லேசாக வெளியேறாது, இரத்தத்தில் தேங்கும். வேகமாக நடந்தால் அதுவும் கூடும், அமிலமும் கூடும். நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த ஹீமோசயனின். அதனால்தான் நண்டு இரத்தம் நீலச் சாயல்.

1980களில் அமெரிக்காவில் கிளைட் ஹெரெய்ட், ராபர்ட் புல் ஆகிய இருவரும் நண்டுக்கென்று ஒரு குட்டி ட்ரெட்மில் செய்தார்கள். நம் ஊர் ஜிம்களில் இருக்கிறதே, அதே தத்துவம்தான். அதைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் ஆக்சிஜனை அளந்தார்கள். 1983, 1984இல் வந்த கட்டுரைகளில் விதவிதமான நண்டுகள் நடந்தன. கடற்கரை மணலில் ஓடும் நண்டு, நம்மைப் போலவே, ஓட ஆரம்பித்த சிறிது நேரத்தில் ஆக்சிஜன் எடுப்பதை மளமளவென்று கூட்டிக்கொண்டது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சேற்று நண்டால் அது முடியவில்லை. அது கைமாற்றில் ஓடியது. நண்டு என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு.

1992இல் புல்லும் வெயின்ஸ்டைனும் வேறொரு சோதனை செய்தார்கள். மணல் நண்டை அதன் ஆக்சிஜன் வரவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடவிட்டார்கள். தொடர்ந்து ஓடியபோது ஏழரை நிமிடத்தில் களைத்து நின்றுவிட்டது. பிறகு அதே வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என்று மாற்றிப் பார்த்தார்கள். களைத்து நிற்குமுன் கடந்த தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆயிற்று. அதே உடம்பு, அதே வேகம். நடுவில் நின்றதுதான் வித்தியாசம்.

இப்போது கிறிஸ்துமஸ் தீவுக்குத் திரும்புவோம். அக்னியெஸ்கா ஆடம்செவ்ஸ்கா, ஸ்டீபன் மோரிஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிவப்பு நண்டை எடுத்துக்கொண்டார்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட முடிவு ஒரு புதிர் போட்டது. நண்டைத் தூண்டி நடக்க வைத்தபோது, சில நிமிடங்களிலேயே லாக்டிக் அமிலம் சேர ஆரம்பித்தது. ஆக்சிஜன் வரவு செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. இந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கணக்குப் போட்டால், இந்த நண்டு கடல் வரைக்கும் போய்ச் சேரவே முடியாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் போய்ச் சேருகின்றன!

அளவில் தவறில்லை, கருவியிலும் தவறில்லை. அதனால் அவர்கள் காட்டுக்கே போனார்கள். இடம்பெயரும் நண்டுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வழியில் நடந்துகொண்டிருந்தவற்றைப் பிடித்து அங்கேயே இரத்தமும் தசையும் எடுத்து அளந்தார்கள். 2001இல் வந்த கட்டுரைகளில் விடை இருந்தது. பல நாளாக நடந்துகொண்டிருந்த நண்டுகளின் உடம்பில் லாக்டிக் அமிலம் குவியவில்லை. வரவுக்குள் செலவு செய்துகொண்டுதான் நடந்தன. யாரும் விரட்டாதபோது நண்டு தன் வேகத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. காலையிலும் மாலையிலும் நடக்கும். உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கும்.

2010இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் மோரிஸ் குழுவினர் ஹார்மோனைப் பார்த்தார்கள். நண்டின் கண்காம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன், உடம்பில் சேமித்த கிளைக்கோஜனைக் குளுக்கோசாக மாற்றி இரத்தத்தில் விடச் சொல்லும். வீட்டுச் சாவி அதன் கையில் என்று வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு கட்டுப்பாடு வேலை செய்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் போதுமான அளவு ஏறியதும் அந்த ஹார்மோன் சுரப்பு அடங்கிவிடுகிறது. தேவைக்கு மேல் பெட்டியைத் திறப்பதில்லை. வறண்ட காலத்தில் இந்தக் கட்டுப்பாடு அப்படி இயங்குவதில்லை. ஆக, நடக்க வேண்டிய பருவத்துக்கென்று உடம்பு தன் கணக்கு வழக்கையே மாற்றி எழுதிக்கொள்கிறது.

இவ்வளவு சிக்கனம் எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நண்டுக்கு ஒரு தேதி உண்டு. நிலாவின் தேய்பிறைக் கால்பகுதி நாள்களில், விடியலுக்கு முன், கடல் ஏறி இறங்கத் தொடங்கும் நேரத்தில் பெண் நண்டுகள் முட்டைகளைக் கடலில் விட வேண்டும். ஆண் நண்டுகள் முன்னால் போய்க் கடலில் நனைந்து, கரையோர மேடுகளில் வளை தோண்டி, அதற்காகச் சண்டையும் போட வேண்டும். சேர்க்கைக்குப் பின் பெண் நண்டு 12, 13 நாள் ஈர வளைக்குள் முட்டைகளைச் சுமந்திருக்கும். ஒரு பெண் நண்டிடம் 1,00,000 வரை முட்டைகள் இருக்கும். பிறகு எல்லாரும் மேட்டுக் காட்டுக்குத் திரும்பி ஏற வேண்டும். போகும்போதே கையிருப்பைச் செலவழித்துவிட்டால் வளை தோண்டவும் சுமக்கவும் திரும்பவும் எங்கே போவது?

மழை சீக்கிரம் வந்தால் நண்டுகள் நிதானமாக, வழியில் தின்றும் குடித்தும் இறங்கும். மழை தாமதமானால் தேதி காத்திருக்காது, ஓட்டமும் நடையுமாக இறங்கும். நடுவில் மழை நின்றால் நண்டும் நின்றுவிடும். மழை தவறும் ஆண்டுகளில் அந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமாகும் என்று நினைத்துப் பாருங்கள். உலர்ந்தால் மூச்சு உறுப்பே வேலை செய்யாது.

மனிதன் அந்தக் கணக்கில் புதிய செலவுகளைச் சேர்த்துவிட்டான். வெயிலில் காயும் சாலைகள், லாரிகள். கப்பல்களோடு வந்து சேர்ந்த மஞ்சள் எறும்பு அதைவிட மோசம். 1989 முதல் அதன் பெருங்கூட்டங்கள் தீவில் கண்டுபிடிக்கப்பட்டன. அது பீய்ச்சும் பார்மிக் அமிலத்தில் கண்ணிழந்து, உலர்ந்து, கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மடிந்தன. நடைபாதையில் எறும்புக் கூட்டம் இருந்தால், தூரத்துக் காட்டிலிருந்து வரும் நண்டுகளும் வழியிலேயே போய்விடும். இன்று தீவில் நண்டு இறங்கும் நாள்களில் சாலைகளை மூடுகிறார்கள். சாலைக்கு அடியில் சுரங்கப் பாதைகளும், மேலே ஐந்து மீட்டர் உயரப் பாலமும் கட்டியிருக்கிறார்கள். அந்த எறும்புக்கு இனிப்பான கழிவைத் தரும் பூச்சியை ஒழிக்க, 2016 இறுதியில் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இந்த இருநூறு ஆண்டுக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1994க்கும் 2001க்கும் இடைப்பட்ட இடம். ஒரே நண்டு, ஒரே ஆய்வாளர்கள், இரண்டு விடைகள். இரண்டும் உண்மை. துரத்தினால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது ஒன்று. தன் பாதையில், தன் பருவத்தில், தன் வேகத்தில் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பது இன்னொன்று. முதல் விடையோடு நின்றிருந்தால் நண்டை 'பலவீனமானது' என்று எழுதி மூடியிருப்பார்கள். உண்மை பிடிபட, அதன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

என் மாணவர்களில் சிலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அளக்க வேண்டிய வேலை நம்முடையது, அதைத் தவிர்க்க முடியாது. அந்த அளவையோடு அந்தப் பிள்ளையின் வீட்டையும் பாதையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உறவினர்களில் எட்டு வடிவில் நடை போடும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும் ஒரு சொல். மூச்சு வாங்கினால் நின்று நடங்கள். நிற்பதும் நடையில் சேர்ந்ததுதான்.

கடலில் விடப்பட்ட முட்டைகள் உடனே பொரிந்து, மூன்று நான்கு வாரம் அலைகளோடு வளரும். பல ஆண்டுகளில் ஒன்றும் திரும்புவதில்லை. சில ஆண்டுகளில் ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள குஞ்சு நண்டுகள் கரையேறி, ஒன்பது நாள் அளவில் மேட்டுக் காட்டை அடைகின்றன. வழி காட்டப் பெரியவர்கள் யாரும் கூட வருவதில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்த உடம்பிலும் ஒரு செவுள் அறை, ஒரு துடுப்பு, ஒரு மூச்சுக் கணக்கு.

படித்தவர்கள் ஏதாவது கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். நாளைக் காலை பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்